இடுப்பு உயரச் சுவர்

செங்கழுநீர்ப்பாக்கத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவனைப் பார்த்தாலும் முதலில் அவன் வலது காதைப் பார்க்கலாம். அது தபீதாள் டீச்சர் திருகிய காது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற சாலையில் பாதி வழியில் இடப்பக்கம் ஒதுங்கிக் கிடந்த ஊர் அது. ஊருக்கு ஒரே பள்ளிக்கூடம், மிஷன் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்புக்கு முப்பத்திரண்டு வருஷமாக ஒரே டீச்சர். ஹெட்மாஸ்டர்கள் ஆறு பேர் வந்து போனார்கள். டீச்சர் மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்து ‘அ’ போட்டுக்கொண்டிருந்தார்.

நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் அசரியா தாம்பரம் ரயில்வே பார்சல் ஆபீஸில் கிளார்க். பார்சல் மேல் சீட்டு ஒட்டுவதுபோலவே பேச்சையும் ஜாக்கிரதையாக ஒட்டுகிற மனிதர். யாராவது “இன்று மழை வருமா?” என்று கேட்டால்கூட “மேலே இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்” என்பார். டீச்சர் அப்படியில்லை. மனதில் தோன்றியது வாய்க்கு வர அவருக்கு அரை நிமிஷம் போதும். வாய்க்கு வந்தது சாக்பீஸுக்கு வரத்தான் கொஞ்சம் வருஷமாயிற்று.

அந்தக் கதை இப்படி. தன்னிடம் படித்துவிட்டு சூளைக்கும் கல்லுடைக்கவும் போன பிள்ளைகள் நாலு வருஷத்தில் படிப்பை மறந்துவிடுவதைப் பார்த்து டீச்சருக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட கரும்பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து தன் வீட்டு மதில் சுவரில் தெருவைப் பார்க்க மாட்டினார். தினம் காலையில் ஒரு வரி. போகிற வருகிற பழைய மாணவர்கள் அதைப் படித்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். “நாளை ரேஷனில் மண்ணெண்ணெய் உண்டு.” “ஏழு மணி ரயில் இன்று ஓடாது.” இப்படி ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. ஒரு வாரம் தெரு விளக்கு எரியாமல் இருந்தபோது, “தெரு விளக்கு எரியவில்லை. நிலா இருப்பதால் பஞ்சாயத்து பிழைத்தது” என்று எழுதினார். அன்று மாலையே விளக்கு எரிந்தது. டீச்சருக்கு ருசி கண்டுவிட்டது.

அசரியாவுக்கு அன்றைக்கே பிடித்தது பயம். “நமக்கு எதுக்கு தபீதா இதெல்லாம்? அக்ஷரம் சொல்லிக் கொடுக்கத்தானே போர்டு?” என்றார்.

“இதுலயும் அக்ஷரந்தான இருக்கு?” என்றார் டீச்சர்.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் வேதாசலம் செங்கல் சூளை முதலாளி. மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஊரில் குடியேறியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு, கறுப்பு அம்பாசடர். எந்த விழாவுக்கும் அரை மணி தாமதமாக வந்து எல்லாரும் எழுந்து நிற்பதைப் பார்த்தபடியே நாலு படி ஏறுவார். தன் பெயரைத் தானே மூன்றாம் மனிதரைப்போலச் சொல்லிக்கொள்வது அவருக்குப் பிடிக்கும். “வேதாசலம் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்” என்பார். வாக்கை யார் எங்கே போய் வாங்கிக்கொள்வது என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

அவர் கொடுத்த வாக்குகளில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கக்கூஸ். எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைகள் பின்பக்கத்துக் கருவேலம் புதருக்குப் போய்விட்டு வந்தன. ஏழாவதும் எட்டாவதும் படிக்கிற பெண்கள் என்ன செய்வார்கள்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். வயசுக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் டீச்சர் ‘அ’ போட்டுக் கொடுத்த பெண்களில் எட்டாவது தாண்டியவர்களை இரண்டு கையிலும் எண்ணினால் விரல் மிச்சமிருக்கும். இது டீச்சருக்கு உள்ளே அறுத்துக்கொண்டே இருந்த விஷயம்.

அறுபத்தெட்டில் கக்கூஸுக்கு சிமெண்ட் பர்மிட் வந்தது. அந்தக் காலத்தில் சிமெண்ட் கடையில் கிடைக்கிற சரக்கில்லை. சர்க்கார் சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை வாங்க முடியாது. மூட்டைகள் லாரியில் வந்து இறங்கின. கொத்தனார் மாரி அஸ்திவாரம் போட்டார், சுவர் எழுப்பினார். சுவர் இடுப்பு உயரம் வந்தது. அங்கேயே நின்றது. சிமெண்ட் தீர்ந்துவிட்டதாம். அதே மாதம் வேதாசலம் வீட்டு மொட்டை மாடியில் காற்று வாங்க ஓர் அறையும் அதற்குப் போக வளைந்து வளைந்து ஒரு படிக்கட்டும் முளைக்க ஆரம்பித்தன.

இடுப்பு உயரச் சுவர் எதற்கு ஆகும்? ஆடுகள் உள்ளே படுத்தன. பையன்கள் மேலே ஏறி நின்று குதித்தார்கள். மாரியின் மகள் கனகவல்லி, ஏழாவதில் முதல் மார்க் வாங்குகிறவள், தை மாதத்தோடு பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்தினாள். டீச்சர் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “பெரிய பொண்ணாய்ட்ச்சி டீச்சர். அங்க ஒதுங்க எடம் எங்க கீது?” என்றாள். டீச்சர் வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

மறுநாள் காலை போர்டில் இருந்த வரி இது:

“பள்ளிக்கூடத்துக் கக்கூஸுக்கு வந்த சிமெண்ட் மூட்டைகள் வழி தவறி ஒரு மாடிப்படி ஏறிவிட்டன. பார்த்தவர்கள் தகவல் சொல்லவும்.”

எதிரே டீக்கடை ரத்தினத்தின் கடை. அன்று அங்கே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு டீ விற்றது. வாசிக்கத் தெரியாதவர்கள் வாசிக்கத் தெரிந்தவர்களைக் கூட்டிவந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். மாடம்பாக்கம் கோயிலுக்குப் போகிற வண்டிகள்கூட நின்று போயின. டீச்சர் மூன்று நாள் அந்த வரியை அழிக்கவில்லை. நாலாம் நாள் வேதாசலத்தின் அம்பாசடர் போர்டுக்கு எதிரே வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது, ஏறியது, வண்டி போய்விட்டது.

அவர் போன இடம் வக்கீல் தட்சிணாமூர்த்தி வீடு. அங்கே நடந்த பேச்சை, பைல் கட்டோடு நின்றுகொண்டிருந்த பஞ்சாயத்து கிளார்க் பட்டாபிராமன் பிற்பாடு டீச்சரிடம் அப்படியே ஒப்பித்தான்.

வக்கீல் சொன்னாராம்: “மானநஷ்டம்னு கிரிமினல் கேஸ் போடலாம். ஆனா அந்த அம்மா உங்க பேரைப் போடலை. படிச்சவங்க உங்களைத்தான் நெனச்சாங்கன்னு நாம நிரூபிக்கணும். சாட்சி வேணும்.”

“சாட்சியா? ஊரே சொல்லும் சார்! படிச்ச அத்தனை பேரும் வேதாசலத்தைத்தான் நெனச்சான்!” என்றாராம் பிரசிடெண்ட், பெருமையோடு.

வக்கீல் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தாராம்.

சம்மன் வந்த அன்று அசரியாவுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் மெமோ வந்தது. கோர்ட்டில் தண்டனை ஆனால் வேலை போகும், வேலை போனால் பென்ஷனும் போகும் என்பது அதன் சாரம். ரிட்டயராக இன்னும் பதினாறு மாதம். முப்பத்திரண்டு வருஷ உழைப்பு ஒரு சாக்பீஸ் வரியில் தொங்கியது. மிஷன் கரஸ்பாண்டென்ட்டான பாதிரி ஐயர் நல்ல மனிதர். “மன்னிப்புன்னு ஒரு வரி அதே போர்டுல எழுதிட்டா பிரசிடெண்ட் கேஸை வாபஸ் வாங்கிக்கிறாராம், அம்மா. நான் பேசிட்டேன்” என்றார்.

அன்று சாயங்காலம் டீச்சர் போர்டின் முன்னால் நின்றார். கையில் சாக்பீஸ் இருந்தது. பொய் சொல்வதற்கில்லை, அவர் பயந்துதான் போயிருந்தார். ரயில்வேயில் அசரியா வாங்குகிற சம்பளம் அவர் ஆஸ்துமா மருந்துக்கே சரியாக இருந்தது. பிள்ளை குட்டி இல்லை. வயசான காலத்தில் யார் வாசலில் போய் நிற்பது? ‘ம’ என்று எழுதினார். கையெழுத்து மணிமணியாக விழுந்தது. அந்த நேரத்தில் கனகவல்லி தலையில் சும்மாட்டோடு தெருவில் வந்தாள். சித்தாள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. போர்டைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் நின்று, “ம... அப்புறம் இன்னா டீச்சர்?” என்று கேட்டாள்.

டீச்சர் அந்த ‘ம’வை உள்ளங்கையால் அழித்தார். “ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போ” என்றார். அசரியா ஏற்பாடு செய்திருந்த வக்கீலும் மன்னிப்பு கேட்பதே உத்தமம் என்று சொல்லவே, அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, தன் கேஸைத் தானே நடத்துவது என்று டீச்சர் முடிவு செய்தார்.

“கோர்ட்டுல எப்படிப் பேசணும்னு உனக்குத் தெரியுமா?” என்று அசரியா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அறுபது பிள்ளைங்களை ஒரே ரூம்ல வச்சுப் பேசியிருக்கேன். அங்க ஜட்ஜையும் சேர்த்துப் பத்துப் பேர் இருப்பாங்களா?”

கேஸ் சைதாப்பேட்டையில். விசாரணை நாளன்று தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிய பெட்டியிலேயே பிரசிடெண்டின் சாட்சிகளும் ஏறினார்கள். டீச்சரைப் பார்த்ததும் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பட்டாபிராமன் அவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். டீக்கடை ரத்தினம் பல்லாவரத்தில் இறங்கி ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். “டீச்சர், மன்ச்சிக்கோங்க. பிரசிடெண்டு கூப்ட்டாரு, வர்லேன்னா கடைய எடுத்துருவேன்னாரு. போர்ட படிச்சேன், அவர்தான்னு தெரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லச் சொன்னாரு” என்றான்.

“அது உண்மைதானடா?”

“உண்மதான் டீச்சர்.”

“அப்ப சொல்லு. உண்மையைச் சொல்ல எதுக்கு மன்னிப்பு?”

இந்த இடத்தில்தான் வேதாசலம் செய்த பிழை எல்லாருக்கும் மெள்ள மெள்ள விளங்க ஆரம்பித்தது. போர்டைப் படித்தேன் என்று கோர்ட்டில் சொல்ல வேண்டுமானால் அவனுக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். செங்கழுநீர்ப்பாக்கத்தில் படிக்கத் தெரிந்த ஆள் என்றால் அவன் தபீதாள் டீச்சரின் ஆள். வேதாசலம் வெளியூர்க்காரர். அந்தக் காதுகளின் கதை அவருக்குத் தெரியாது.

மாஜிஸ்திரேட் இளம் வயதுக்காரர், மூக்குக் கண்ணாடி, சிரிக்கக் கூடாது என்று எப்போதும் எச்சரிக்கையாக இருக்கிற முகம். முதல் சாட்சியாகப் பட்டாபிராமன் கூண்டில் ஏறினான். போர்டைப் படித்ததாகவும், படித்த மாத்திரத்தில் அது கனம் பிரசிடெண்ட் அவர்களைக் குறிப்பது என்று புரிந்ததாகவும் வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி சொன்னான். தட்சிணாமூர்த்தி திருப்தியோடு உட்கார்ந்தார். டீச்சர் எழுந்தார்.

“பட்டாபி.”

பட்டாபிராமனின் இரண்டு கைகளும் தாமாகவே மார்பில் கட்டிக்கொண்டன. “உள்ளேன் டீச்சர்” என்று வாய் தவறிவிட்டது.

மாஜிஸ்திரேட் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நம்ம ஊர்ல மாடி வீடு எத்தனை?”

“ஏழு டீச்சர்.”

“போர்டுல பேரு இல்ல. ஏழு வீட்டுல உனக்கு ஏன் இவர் வீடு மட்டும் ஞாபகம் வந்தது? யோசிச்சு, முழு வாக்கியமாச் சொல்லு.”

பட்டாபிராமன் பிரசிடெண்டைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான். டீச்சரின் வலது கை கொஞ்சம் அசைந்தது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யத்தான். ஆனால் அவன் தன் காதைப் பொத்திக்கொண்டு, “மூட்டைங்க பள்ளிக்கூடத்துல எறங்கினதுன்னு ரிஜிஸ்டர்ல நான் எழுதினேன் டீச்சர். எறங்கினது அவர் வீட்டு வாசல்ல” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். முழு வாக்கியமாகவே இருந்தது.

தட்சிணாமூர்த்தி துள்ளி எழுந்து, எதிரியான டீச்சர் சாட்சியை மிரட்டுகிறார் என்றார். “கண்ணாடியைச் சரிபண்ணிக்கிறது மிரட்டலா?” என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

அடுத்து ரத்தினம். போர்டைப் பார்த்து ஊரே சிரித்ததாகவும், அதனால் பிரசிடெண்டின் கௌரவம் குலைந்ததாகவும் சொன்னான். டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏன்டா சிரிச்சாங்க?”

“பொய்யின்னா யாரு டீச்சர் சிரிக்கப் போறா? போய்க்கினே இருப்பாங்க. நெசம்னாதான் சிரிப்பு வரும்.”

அன்று மாலை சாட்சிகள் ரயிலில் திரும்பினார்கள். வேதாசலம் அம்பாசடரில் போனார். வண்டிக்குள் வக்கீலோடு பலத்த ஆலோசனை. இந்த அம்மாவிடம் படிக்காத சாட்சி வேண்டும் என்றார் வக்கீல். தேடினார்கள். டீச்சரிடம் படிக்காதவர்கள் ஊரில் ஏராளமாக இருந்தார்கள். அவர்கள் யாரிடமும் படிக்காதவர்கள். அவர்களைக் கூண்டில் ஏற்றினால் போர்டில் என்ன எழுதியிருந்தது என்று எப்படிச் சொல்வார்கள்? வண்டலூரிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. படித்த ஒருவரைப் பிடித்துவந்து அடுத்த வாய்தாவில் ஏற்றினார்கள். கோயிலுக்குப் போகிற வழியில் போர்டைத் தான் படித்ததாக அவர் நன்றாகவே சொன்னார். யாரை நினைத்தீர்கள் என்று கேட்டபோது, “எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாதுங்களே” என்றார். அவருக்குப் போக வர பஸ் சார்ஜும் சாப்பாடும் கொடுத்தது பிரசிடெண்ட்.

மிச்சமிருந்தது மாரி. பிரசிடெண்டின் ஆஸ்தான கொத்தனார். சூளை வேலை, வீட்டு வேலை, பஞ்சாயத்து வேலை எல்லாம் அவர் கையில். டீச்சரிடம் ‘அ’ போட்டு மூன்றாவதோடு நின்றுவிட்டவர். மூன்று வருஷத்தில் அப்படி என்ன கெட்டுப்போயிருக்கும் என்று வேதாசலம் தைரியமாக இருந்தார்.

மாரி கூண்டில் ஏறி, போர்டைப் படித்தேன், பிரசிடெண்டைத்தான் சொல்கிறது என்று புரிந்தது என்றார். இவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியது. டீச்சர் எழுந்தார். கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. இவன் ஒருவன் உண்மையைச் சொன்னால் கேஸ் அன்றோடு முடியும், பென்ஷன் பிழைக்கும். ஆனால் மாரியின் சட்டைக் கை கிழிந்திருந்ததை டீச்சர் பார்த்தார். வேதாசலம் வேலை கொடுக்கவில்லை என்றால் அந்தக் குடும்பம் மறுநாள் என்ன சாப்பிடும்? முதல் தடவையாக டீச்சருக்குக் கேள்வி கேட்க மனசு வரவில்லை.

“எனக்குக் கேள்வி ஒண்ணுமில்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வாசல் பக்கத்தில் நின்றிருந்த அசரியா கண்ணை மூடிக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் மாரியை இறங்கச் சொன்னார். மாரி இறங்கவில்லை.

“இன்னா டீச்சர், என்னிய மட்டும் ஒண்ணும் கேக்கல?”

“எறங்குப்பா” என்றார் தட்சிணாமூர்த்தி அவசரமாக.

“இரு சார். எல்லாரையும் கேட்டாங்க, என்னிய கேக்கலேன்னா நான் இன்னா மக்குப் பையனா?” மாரி மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். “எசமான், எம் பொண்ணு ஏயாவதுல மொத மார்க்கு. நின்னுட்ச்சி. ஏன்னு டீச்சருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் செவுத்த இடுப்பு ஒசரத்துல நிறுத்தினது இந்தக் கைதான். மிச்ச மூட்டைய மாடிக்கு ஏத்தினதும் இந்தக் கைதான். மேல நான் பூசிக்கினு இருந்தேன், கீய என் பொண்ணு தண்ணி தூக்கிக்கினு நின்னுச்சி. கூலிக்கு. இத்த எய்திக்கோங்க.”

கோர்ட் குமாஸ்தா எழுதிக்கொண்டார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

எழுபதாம் வருஷம் தீர்ப்பு வந்தது. வாதியின் சாட்சிகளே விஷயம் உண்மை என்றும், ஊர் நன்மைக்காகச் சொல்லப்பட்டது என்றும் நிரூபித்துவிட்டபடியால் எதிரி விடுதலை. பிரசிடெண்டைத்தான் குறிக்கிறது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் வாதிக்கு முழு வெற்றி. அதை மாஜிஸ்திரேட் தீர்ப்பில் தனிப் பாராவாகவே எழுதியிருந்தார்.

பென்ஷன் பிழைத்தது. அசரியா ஊர் முழுக்க சாக்லேட் கொடுத்துவிட்டு, இனிமேலாவது போர்டைக் கழற்றிவிடலாம் என்றார். டீச்சர் அதற்குள் கோர்ட்டில் மனுப் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, சாட்சியங்களின் நகல் வாங்கி வந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் கோர்ட் முத்திரை. மறுநாள் காலை போர்டில் இப்படி இருந்தது:

“கோர்ட்டில் பட்டாபிராமன் சொன்னது: எறங்கினது அவர் வீட்டு வாசல்ல.”

அதற்கடுத்த நாள் ரத்தினத்தின் வரி. தினம் ஒரு வரி, ஒரு எழுத்து கூடவுமில்லை குறையவுமில்லை. வேதாசலம் மறுபடியும் வக்கீல் வீட்டுக்கு ஓடினார். கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி எழுதினால் கேஸ் கிடையாது என்றார் தட்சிணாமூர்த்தி. “அதை கோர்ட்டுல பேச வச்சது யார்?” என்று பிரசிடெண்ட் கத்தினார். வக்கீலுக்கு அதற்கும் பதில் தெரியும். நாகரிகம் கருதிச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் பிரசிடெண்ட் டீச்சர் வீட்டு வாசலில் நடந்தே வந்து நின்றார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு இப்ப என்னதாம்மா வேணும்?”

“இடுப்புக்கு மேல சுவர்.”

“நாளைக்கு என்ன வரி?”

“மாரியோட வரி. நீளமா இருக்கு. ஒரு வாரத்துக்கு வரும்.”

வேதாசலம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “மாரியத் தவிர வேற கொத்தனார வச்சு நாளைக்கே ஆரம்பிச்சிடறேன்” என்றார். தீர்ப்புக்கு முன்னாலேயே மாரியை எல்லா வேலையிலிருந்தும் நிறுத்தியிருந்தார்.

“மாரிதான் கட்டணும். அவன் பாதியில விட்ட வேலை” என்றார் டீச்சர். அவர் கையில் சாக்பீஸ் இருந்ததால் பிரசிடெண்ட் ஒத்துக்கொண்டார்.

இந்தத் தடவை சிமெண்ட் வழி தவறவில்லை. மூன்றே வாரத்தில் சுவர் எழும்பி, கூரை ஏறி, கதவும் வந்தது. டீச்சர் தினம் மத்தியானச் சாப்பாட்டு மணியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வெற்றி பெற்றவர்கள் நடக்கிற மாதிரிதான் நடந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் சாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ கலவைச் சட்டியை இறக்கி வைத்தார்கள். கனகவல்லி.

மாரிக்குச் சித்தாள் அவள்தான். சாந்து குழைத்துக் குழைத்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. டீச்சர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். “இதான் முடியப் போகுதே. ஜூன்ல வந்து எட்டாவது சேர்ந்துடு. நான் ஹெட்மாஸ்டர்கிட்டச் சொல்றேன்” என்றார்.

கனகவல்லி சிரித்தாள். “தையில கண்ணாலம் டீச்சர்.”

டீச்சருக்குக் கேஸை ஜெயித்தது, பென்ஷனைக் காப்பாற்றியது, பிரசிடெண்டை வாசலுக்கு நடக்க வைத்தது எல்லாம் அந்த நிமிஷத்தில் வெறும் வாய்ச் சவடாலாகத் தோன்றியது. இவளுக்காகத்தானே ஆரம்பித்தது? இவள் கையாலேயே கட்டி முடிக்க வைத்து, இவளுக்கு மட்டும் உதவாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. கையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். அன்று ஒன்றாம் வகுப்பில் யார் காதையும் அவர் திருகவில்லை.

திறப்பு விழா டீச்சர் ரிட்டயராவதற்கு நாலு நாள் முன்னால் நடந்தது. வேதாசலம் அரை மணி தாமதமாக வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். பெண்கல்விக்காக வேதாசலம் எத்தனையோ எதிர்ப்புகளைச் சந்தித்து, கோர்ட் படியும் ஏறி, இந்தச் சாதனையைச் செய்ததாக வேதாசலமே பேசினார். பொய்யென்று சொல்ல முடியாது, படி ஏறியது உண்மைதான். பிறகு ஒரு கயிற்றை இழுத்தார். திரை விலகியது. கக்கூஸ் வாசலில் வெள்ளைச் சலவைக்கல், அதில் ஒரு முழ நீளத்துக்கு எழுத்து வெட்டியிருந்தது: “திரு. வேதாசலம் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது.”

பட்டாபிராமன் டீச்சரின் காதருகே குனிந்தான். “டீச்சர், இது யாரைக் குறிக்குதுன்னு நிரூபிக்க இனிமே சாட்சியே வேணாம்.”

டீச்சர் சிரிக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில், வேலைச் சேலையோடு நின்றிருந்த கனகவல்லி அந்தக் கல்லை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பக்கத்தில் படிக்கத் தெரியாத சித்தாள் பெண்கள் இரண்டு பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படித்து முடித்துவிட்டுக் கனகவல்லி டீச்சரிடம் வந்தாள்.

“கட்னவங்க பேரு எங்க டீச்சர் கீது?”

டீச்சர் தன் கைப்பையைத் திறந்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தப் பையில் சாக்பீஸ் இல்லாத நாளில்லை. ஒன்றை எடுத்து அவள் வெடித்த விரல்களில் வைத்தார். “நம்ம போர்டு காலியா இருக்கு, போ” என்றார்.

மறுநாள் காலை டீக்கடையில் டீ குடித்தவர்கள் எதிரே நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சரின் கையெழுத்து இல்லை. வரி கோணி மேலே ஏறியிருந்தது. ‘க’வின் வால் நீண்டிருந்தது. டீச்சர் திருத்தவுமில்லை, அழிக்கவுமில்லை. ரிட்டயராகி, பென்ஷன் வாங்க ஆரம்பித்து, மழை வந்து தானாகக் கரைகிற வரைக்கும் அது அப்படியே இருந்தது.

“பள்ளிக்கூடத்துக் கக்கூஸைக் கட்டியது மாரியும் கனகவல்லியும். கனகவல்லி ஏழாம் வகுப்பு.”

அந்த வரிக்கு யாரும் கேஸ் போடவில்லை.